மேரி வார்டின் வாழ்வும் அதை எழுதியோரும்

கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றின் நூலகத்திற்குச் சென்றால், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் மெல்லிய நூல்கள் சில அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். சபையைத் தோற்றுவித்த அன்னையின் வரலாறு, வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், மறைந்த தலைமையாசிரியை ஒருவரின் நினைவு மலர். இவற்றுள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். பத்தியுள்ள பெற்றோர், குழந்தைப் பருவத்திலேயே செபத்தில் நாட்டம், மணம் பேச வந்தவர்களை மறுத்த உறுதி, இறையழைத்தல், சோதனைகள், பள்ளிகள், நோய், நல்மரணம் என்ற வரிசை எதிலும் மாறுவதில்லை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் ஒருவர் வரலாறு மற்றவருக்கு அப்படியே பொருந்திவிடும். இவற்றில் ‘சோதனைகள்’ என்ற அதிகாரம் மிகச் சுருக்கமாயிருக்கும். சோதனை கொடுத்தவர் யார் என்பது அங்கே சொல்லப்படாது. ‘பள்ளிகள்’ என்ற அதிகாரமோ கட்டடங்களின் பட்டியலாகவே முடியும்.

இந்நூல்களை இகழ்வது என் நோக்கமன்று. நன்றியுணர்வோடு எழுதப்பட்டவை அவை. ஆயினும் நன்றி வேறு, வரலாறு வேறு. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதையும் சிறுமியருக்கு எழுத்தறிவிப்பதில் செலவிட்டாள் என்றால், அவள் என்ன கற்பித்தாள், அதை ஏன் சிலர் விரும்பவில்லை, அந்த எதிர்ப்பின் நடுவே அவள் எப்படி விசுவாசத்தில் நிலைத்து நின்றாள் என்பவற்றை நாம் அறிய வேண்டாமா? இவற்றை மறைத்துவிட்டு எஞ்சியதை மட்டும் தந்தால், மாலை போட்ட நிழற்படம் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டாள்.

இக்கேள்வியை உரசிப் பார்க்க மேரி வார்டின் வாழ்வைவிடப் பொருத்தமான உரைகல் எனக்குத் தெரியவில்லை. அவர் 1645-இல் இறந்தார். அன்றுமுதல் அவ்வரலாற்றைத் தோழியர் எழுதினர், ஓவியர் தீட்டினர், பெயரை வெளிப்படையாகச் சொல்லத் தடையிருந்த காலத்திலும் அவருடைய ஆன்மிகப் புதல்வியர் எழுதினர், இறுதியில், அவரை விசாரித்த மன்றத்தின் பத்திரங்களிலிருந்தும் அது எழுதப்பட்டது. ஒரே வாழ்வை இத்தனை கைகள் எழுதும்போது, எந்தக் கை எதை விட்டுவிட்டது என்று பார்க்க முடிகிறது.

முதலில் வாழ்வைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1585 சனவரி 23-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்சயரில், ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள மல்வித் என்ற இடத்தில் பிறந்தார். கத்தோலிக்கர் திருப்பலி காண்பதே குற்றமாயிருந்த நாடு அன்றைய இங்கிலாந்து. விசுவாசத்தின் பொருட்டு ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் சிறைவாசம் கண்ட பாட்டியின் வீட்டில் ஐந்து வயது முதல் பத்து வயது வரை வளர்ந்தார். தாயின் உடன்பிறந்தார் இருவர் 1605-ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதியில் சேர்ந்து உயிரிழந்தனர். ஆஸ்கட்பியில் உறவினர் இல்லத்தில் வளர்ந்தபோது, மார்கரெட் கேரட் என்ற முதிய பணிப்பெண் தையல் வேலைக்கிடையே சொன்ன ஒரு கன்னியின் கதையைக் கேட்டுத் துறவறத்தில் ஆசை கொண்டார். 1606-இல் கடல் கடந்து, ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட நெதர்லாந்தின் செயிண்ட் ஓமேர் நகருக்குச் சென்று, ஏழை கிளாரா சபையில் வீடு வீடாய்ப் பிச்சை ஏற்கும் எளிய சகோதரியாகச் சேர்ந்தார். பின்னர் ஆங்கிலேயப் பெண்களுக்கென்றே கிராவ்லீனில் கிளாரா மடம் ஒன்று நிறுவ உழைத்தார். அது நிலைபெற்றதும், 1609-இல், தம் அழைத்தல் அதுவன்று என்று தெளிந்து வெளியேறினார்.

இந்த வெளியேற்றத்தை நம் வரலாற்று நூல்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மடத்தை விட்டு வந்தவள் என்ற சொல் எவ்வளவு கூர்மையானது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். அவரையும் ஊர் பேசியது. அவ்வாண்டிலேயே இலண்டனில் ஒருநாள் காலை, கண்ணாடியின் முன் தலைமுடியைச் சீர்செய்துகொண்டிருந்தபோது, தாம் இனிச் செய்யப்போகும் பணி கடுந்துறவைக் காட்டிலும் இறைவனுக்கு மிகுந்த மகிமையாகும் என்ற உள்ளத் தெளிவு அவருக்குக் கிடைத்தது. கோயிலிலன்று, குகையிலன்று, கண்ணாடிக்கு முன்! இதை மறைக்காமல் சொன்ன தோழியரை நான் மிகவும் மதிக்கிறேன்.

தோழியர் சிலருடன் மீண்டும் செயிண்ட் ஓமேர் சென்று பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1611-இல், இஞ்ஞாசியாரின் இயேசு சபை எவ்வகையில் வாழ்கிறதோ அவ்வகையையே பெண்கள் ஏற்க வேண்டும் என்ற அழைப்பை உள்ளத்தில் உணர்ந்தார். இந்த இடத்தில்தான் வாழ்வும் சட்டமும் மோதுகின்றன. கன்னியர் மதிலுக்கு வெளியே செல்லலாகாது என்ற மடத்து அடைப்பை 1298-இல் எட்டாம் போனிபாஸ் திருத்தந்தை விதித்திருந்தார். 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் அதை மீண்டும் வலியுறுத்தியது. 1566-இல் ஐந்தாம் பத்திநாதர் இன்னும் இறுக்கினார். மேரி வார்டு கேட்டதோ அடைப்பில்லாத வாழ்வு. ஆயரின் ஆளுகைக்குட்படாமல் நேரே திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்ட சபை. அச்சபைக்குப் பெண்ணொருத்தியே பொதுத்தலைவி. பெண்கல்வி மட்டும் கேட்டிருந்தால் எவரும் பெரிதாகத் தடுத்திருக்கமாட்டார். மதிலுக்குள் சிறுமியரை வைத்துக் கற்பிக்கும் கன்னியர் அன்றும் இருந்தனர். வீதியில் நடந்து சென்று, ஊர் ஊராய்ப் பள்ளி திறந்து, பெண்ணே பெண்ணை ஆளுகின்ற அமைப்பு என்பதுதான் அன்றைய காதுகளுக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய உள்ளத்தை அறிய விரும்புகிறவர் படிக்க வேண்டியது 1617-இல் செயிண்ட் ஓமேரில் தம் தோழியருக்கு அவர் ஆற்றிய உரைகளை. கேட்டவர்கள் எழுதி வைத்ததால் அவை நமக்குக் கிடைத்தன. இப்பெண்களின் ஆர்வத்தை ஒருவர் புகழ்ந்தபோது, குருவானவர் ஒருவர், இப்போது புதிய ஆர்வத்தில் இருக்கிறார்கள், அது தணிந்துவிடும், எப்படியிருந்தாலும் அவர்கள் பெண்கள்தானே என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். அச்சொல் அவர் காதுக்கு எட்டியது. அதற்கு அவர் கொடுத்த மறுமொழியில் கோபம் இருக்கிறது; ஆனால் கோபம் வாதத்தைக் கெடுக்கவில்லை. ஆர்வம் தணிவது நாம் பெண்களாக இருப்பதாலன்று, நிறைவற்ற பெண்களாக இருப்பதால் என்கிறார். ஆர்வம் என்பது உணர்ச்சியின் கொதிப்பன்று. நன்மை செய்யும் உறுதி. அவ்வுறுதி ஆணுக்கு உள்ளதுபோல் பெண்ணுக்கும் உண்டு என்கிறார். என்றும் நிலைப்பது ஆண்டவரின் உண்மையே; ஆணுக்கென்று ஓர் உண்மையும் பெண்ணுக்கென்று ஓர் உண்மையும் இல்லை என்பது அவ்வுரையின் நடுநரம்பு. வருங்காலத்தில் பெண்கள் பெரும்பணி செய்வர் என்ற நம்பிக்கையையும் அதே உரையில் வைக்கிறார். ஓரிடத்தில் சிரிப்பும் வருகிறது. பெண்ணால் கடவுளை அறிய முடியாது என்றெண்ணி, ஆயிரம் உலகம் கொடுத்தாலும் தாம் பெண்ணாகப் பிறக்க விரும்பேன் என்று ஒருவர் தம்மிடம் சொன்னதை நினைவுகூர்கிறார். அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை, புன்னகை மட்டும் செய்தேன், அதற்கு மாறான என் அனுபவத்தைச் சொல்லியிருக்கலாம் என்கிறார்.

இந்தப் புன்னகையை எழுதாத வரலாறு என்ன வரலாறு? ஆயினும் பத்தி நோக்கில் எழுதப்பட்ட பல சுருக்கங்கள் இவ்வுரையிலிருந்து, வருங்காலப் பெண்களைப் பற்றிய ஒரு வாக்கியத்தை மட்டும் பறித்தெடுத்து அட்டையில் அச்சிட்டுவிடுகின்றன. அது எதற்கு மறுமொழி என்பது மறைந்துபோகிறது. புண்பட்ட பெண்ணொருத்தி சிந்தித்துச் சொன்ன வாதம், விழா மேடைப் பொன்மொழியாகச் சுருங்கிவிடுகிறது.

பள்ளியைப் பற்றிய கதையும் இதுவே. அவர் பள்ளிகளில் வாசிப்பு, எழுத்து, தையல், இசை, மறைக்கல்வி ஆகியவற்றோடு மொழிகளும் கற்பிக்கப்பட்டன; நாடகமும் நடிக்கப்பட்டது. எல்லாவற்றினும் வியப்பு இலத்தீன். ஆண்பிள்ளைகளின், குறிப்பாகக் குருத்துவ மாணவரின், மொழியாயிருந்த இலத்தீனைச் சிறுமியருக்குக் கற்பித்தார். 1627-இல் மியூனிக் இல்லத்துத் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மாணவியர் இலத்தீனில் கண்டுள்ள முன்னேற்றத்தைக் கேட்டு மகிழ்ந்து, அவர்களிடம் இலத்தீன் திறமையைப் போல் மதிக்கத்தக்க வேறு திறமையில்லை என்ற பொருளில் எழுதுகிறார். தையலும் சமையலும் போதும் என்று உலகம் எண்ணிய நாளில், திருச்சபையின் மொழியையே சிறுமியின் கையில் கொடுப்பது சிறு செயலா? விவிலியமும் வழிபாடும் சட்டமும் எந்த மொழியில் இருந்தனவோ அந்த மொழி அது. தம்மைப் பற்றிய ஆணையும் அம்மொழியில்தான் எழுதப்படும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

பயணங்களை விரைந்து கடப்போம். 1621 அக்டோபரில் பிரசெல்சிலிருந்து புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பெரும்பாலும் கால்நடையாகவே சென்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள் உரோமை சேர்ந்தார். சபைக்கு ஒப்புதல் கேட்கவே சென்றார். தாங்கள் செய்வதைக் கண்ணால் காணட்டும் என்று உரோமையிலேயே 1622-இல் ஏழைச் சிறுமியருக்குப் பள்ளி திறந்தார். உடன்பிறந்த தங்கை பார்பரா 1623-இல் அங்கேயே இறந்தார். நேப்பிள்ஸ், பெருஜியா எனப் பள்ளிகள் வளர்ந்தன. 1625-இல் உரோமைப் பள்ளி மூடப்பட்டது. பிறகு வடக்கே திரும்பி 1627-இல் மியூனிக்கிலும் வியன்னாவிலும், 1628-இல் பிரெஸ்பூர்க்கிலும் தொடங்கினார். மியூனிக்கில் பவேரியக் கோமகன் மாக்சிமிலியன் வீடும் ஆண்டு மானியமும் கொடுத்தார். இதற்கிடையே ‘பெண் இயேசு சபையார்’ என்றும், ‘நாலுகால் பாய்ச்சலில் திரியும் பெண்கள்’ என்ற பொருளிலும் பரிகாசப் பெயர்கள் வழங்கலாயின.

இப்போது எல்லா வரலாற்றாசிரியரும் தடுமாறும் இடத்திற்கு வருகிறோம். பல நகரங்களில் இல்லங்களை மூடுமாறு திருத்தந்தையின் தூதுவர் வழியாக ஆணைகள் வந்தபோது, அவை திருத்தந்தையின் உண்மையான மனமறிந்து வந்தவையல்ல, பகைவரின் தூண்டுதலால் வந்தவை என்று மேரி வார்டு நம்பினார். 1630 ஏப்ரல் 6-ஆம் நாள் தம் இல்லங்களுக்குக் கடிதம் எழுதி, அவ்வாணைகளுக்கு இணங்க வேண்டாமென்று அறிவுறுத்தினார். அவர் அனுப்பிய தோழி வினிஃப்ரிட் விக்மோர் லியேஜ் நகரில் தூதுவரின் ஆணையை எதிர்த்து நின்று சிறைப்பட்டார். அக்கடிதமோ எதிராளிகளின் கையில் முதன்மையான சான்றாயிற்று. மேரி வார்டு தவறாகக் கணித்திருந்தார். ஆணைகள் உண்மையிலேயே மேலிடத்திலிருந்து வந்தவையே. 1631 சனவரி 13-ஆம் நாள் எட்டாம் உர்பான் திருத்தந்தை வெளியிட்ட ஆணைமடல் அச்சபையை வேரோடு நீக்கியது. பெண்ணின் பலவீனத்திற்கும் நாணத்திற்கும் ஒவ்வாத செயல்களில் ஈடுபட்டவர்கள் என்றும், திருச்சபையின் வயலில் முளைத்த நச்சுச் செடிகள் என்றும் அது அவர்களைக் குறித்துப் பேசியது. பிப்ரவரி 7-ஆம் நாள், திரிபுக் கொள்கையர், பிரிவினைக்காரி, திருச்சபைக்கு அடங்காதவர் என்ற குற்றச்சாட்டின் பேரில் மேரி வார்டு கைது செய்யப்பட்டு, மியூனிக்கிலுள்ள கிளாரா மடத்தின் சிற்றறை ஒன்றில் அடைக்கப்பட்டார். ஒருகாலத்தில் தாம் விரும்பிச் சேர்ந்த சபையின் மடமே சிறையாயிற்று.

அவருடன் இருக்க நோயாளரைப் பேணும் தோழி ஆன் டர்னர் அனுமதிக்கப்பட்டார். வெளியே இருந்த தோழியருக்கு அவர் எலுமிச்சைச் சாற்றால் கடிதம் எழுதினார். சாமான்கள் சுற்றிவரும் தாளில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்ட வரிகளைத் தோழியர் நெருப்பில் காட்டிப் படித்தனர். அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. அக்கடிதங்களில் தரிசனம் இல்லை. யார் யாரைச் சென்று பார்க்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது, மருந்து, துணி, உணவு என்ற கவலைகளே உண்டு. நடுநடுவே கேலியும் உண்டு. சிறையிலிருக்கும் ஒரு தலைமையாசிரியை எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதுகிறார்.

பின்னர் அவர் கடும் நோயுற்றார். இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குரிய அருளடையாளங்களைக் கேட்டார். ஓர் எழுத்தில் ஒப்பமிட்டால் தரலாம் என்றனர். தாம் விசுவாசத்திற்கு எதிராகப் பேசியோ நடந்தோ இருந்தால் அதற்காக வருந்துவதாக அமைந்த வாசகம் அது. ‘இருந்தால்’ என்ற சொல் எளிதானதுதான். பலர் ஒப்பமிட்டிருப்பர். அவர் மறுத்துவிட்டார். அதில் ஒப்பமிட்டால், தாமும் தம் தோழியரும் உண்மையில் குற்றவாளிகளென்று ஆகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அருளடையாளங்கள் இன்றி இறப்பதை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்தார். அதற்குப் பதிலாகத் தாமே ஓர் அறிக்கை எழுதினார்: திருத்தந்தைக்கோ திருச்சபைக்கோ எதிராகத் தாம் ஒருநாளும் எதுவும் சொன்னதுமில்லை, செய்ததுமில்லை, உயிரே போவதாயினும் அப்படிச் செய்யப்போவதுமில்லை என்ற கருத்தில் அமைந்தது அது. பிறகு அருளடையாளங்கள் கொடுக்கப்பட்டன. ஏப்ரல் நடுவில், ஏறத்தாழ ஒன்பது வாரங்களுக்குப் பின், உரோமையின் ஆணையால் விடுவிக்கப்பட்டார். 1632-இல் மீண்டும் உரோமை சென்று திருத்தந்தையைக் கண்டார். திரிபுக் கொள்கைக் குற்றம் அவர்மேல் இல்லையென்று ஏற்கப்பட்டது. சபையோ மீளவில்லை.

கீழ்ப்படிதலைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1630-ஆம் ஆண்டுக் கடிதத்தை மறைத்துவிட்டு 1631-ஆம் ஆண்டுச் சிறையை மட்டும் எழுதினால், அவர் குற்றமற்ற ஆட்டுக்குட்டியாகத் தெரிவார். அவரை அடைத்தவர்கள் வெறும் கொடியவர்களாகத் தெரிவர். கடிதத்தை மட்டும் எழுதிச் சிறையை மறைத்தால், அடங்காத பெண்ணாகத் தெரிவார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், தவறாகக் கணித்த ஒரு தலைவி, தம் தவறு வெளிப்பட்ட பின்னும், தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்து, அதே வேளையில் திருத்தந்தைக்குப் பணியுமாறு தோழியரையும் கேட்டுக்கொண்ட அந்தக் கடினமான நிலை விளங்குகிறது. கீழ்ப்படிதலும் உண்மையும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் ஒரே உள்ளத்தில் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் அந்தச் சிற்றறையில் நோய்ப்படுக்கையில் விடை எழுதினார்.

எழுதியோர் இதை எப்படிக் கையாண்டனர்? முதல் வரலாற்றை, அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள், தோழி மேரி பாய்ண்ட்ஸ் எழுதினார் என்று கொள்வது வழக்கம். அது அச்சிடப்படாமல் கையெழுத்துப் படியாக உலவியது. அன்பும் பணிவும் மிக்க நடை. சிறு சிறு நிகழ்ச்சிகளைக் கண்டெழுதும் கூர்மை. ஆனால் பகைவரைப் பற்றிய பேச்சில் அடக்கம் மிகுதி. தலைவியிடம் கற்ற அடக்கமாகவும் இருக்கலாம். நீக்கப்பட்ட சபையின் பெண்கள் வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்றும் கேட்கலாம்.

அடுத்தது, ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க் நகரிலுள்ள ஐம்பது ஓவியங்கள். ‘ஓவியத்தில் தீட்டிய வாழ்வு’ என வழங்கும் இவற்றைத் தீட்டியவர் பெயர் தெரியவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஜெர்மன் மொழியில் விளக்கம் உண்டு. குழந்தை சொன்ன முதற்சொல் ‘இயேசு’ என்பதில் தொடங்கி, மார்கரெட் கேரட்டின் கதை, கண்ணாடி முன் கிடைத்த தெளிவு எனத் தொடர்கின்றன. உடையும் அறையும் சாளரமும் அன்போடு தீட்டப்பட்டுள்ளன. ஆனால் செபமும் உள்ளத்துக் காட்சியுமே பெரும்பகுதி. பள்ளிக்கூடம் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. ஐரோப்பாவின் பல நகரங்களில் பள்ளி திறந்தவரின் வாழ்வில் கரும்பலகைக்கு இவ்வளவு குறைந்த இடமா என்று முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பின்னர்தான் விளங்கியது: இவர் இறைவனால் நடத்தப்பட்டவர், தன்விருப்பத்தால் திரிந்தவரல்லர் என்று காட்டுவதே அன்றைய தேவையாயிருந்தது. ஓவியம் ஒரு வழக்குரையாக எழுந்தது. வழக்குரையில் வகுப்பறைக்கு என்ன வேலை?

அந்த வழக்கு நெடுங்காலம் நடந்தது. மியூனிக் இல்லம் சாதாரணப் பெண்கள் சேர்ந்து வாழும் வீடாகத் தொடர, அதிலிருந்து சபை மெல்ல உயிர்த்தது. 1703-இல் பதினோராம் கிளமெண்ட் திருத்தந்தை அதன் ஒழுங்குகளை ஏற்றார். ஆனால் 1749-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர், சபையின் பொதுத்தலைவிப் பதவியை ஏற்றுக்கொண்டே, மேரி வார்டைச் சபையின் நிறுவுநர் என்று கொண்டாடலாகாது எனத் தடைவிதித்தார். அத்தடை 1909-இல் பத்தாம் பத்திநாதர் நீக்கும்வரை, 160 ஆண்டுகள் நீடித்தது. தாயின் பெயரைச் சொல்லாமல் தாயின் வீட்டில் வாழ்ந்த பிள்ளைகள்! அத்தடை நிலவியபோதே, 1882-லும் 1885-லும் இரு தொகுதிகளாக, அச்சபைக் கன்னியரான மேரி கேத்தரின் எலிசபெத் சேம்பர்ஸ் ஆங்கிலத்தில் வரலாறு வெளியிட்டார். மிகுந்த உழைப்பு, பழைய கையெழுத்துகளை நாடு நாடாய்த் தேடித் தொகுத்த நூல். ஆயினும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கண் நீதிபதியின்மேல் இருப்பதை வாசகர் உணரலாம். 1998-இல் விசாரணை மன்றத்தின் ஆவணக்காப்பகம் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டது. அதே சபையின் கன்னியர் இம்மோலாத்தா வெட்டர், 1630 முதல் 1637 வரையான ஆண்டுகளை அப்பத்திரங்களின் துணைகொண்டு ஒரு நூலாக எழுதினார். பத்தியை இழக்காமல், பத்திரத்தை மறைக்காமல் எழுதலாம் என்பதற்கு அதுவே சான்று. 1951-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பொதுநிலையினர் மாநாட்டில் மேரி வார்டைப் புகழ்ந்து பேசினார்; 2009 டிசம்பரில் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

இவ்வாழ்வுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு கல்கத்தா வழியாக வருகிறது. யார்க் நகரில் 1686-இல் தொடங்கிய மேரி வார்டின் வழிவந்த இல்லத்தில் பயின்ற பிரான்சிஸ் தெரேசா பால், அயர்லாந்தில் லொரேட்டோ கன்னியரைத் தோற்றுவித்தார். அவர்கள் 1841 இறுதியில் கல்கத்தா வந்து பெண்கள் பள்ளி தொடங்கினர். நிறுவுநரின் பெயர் தடைப்பட்டிருந்த காலம் அது. 1929-இல் அவ்வில்லத்திற்கு வந்த இளங்கன்னிதான் பின்னாளில் அன்னை தெரேசா. என்டாலியிலுள்ள தூய மரியன்னை பள்ளியில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்தார். 1948-இல் அவர் வீதியின் ஏழைகளிடம் செல்ல விரும்பியபோது, மடத்துக்கு வெளியே வாழ உரோமையின் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. அடைப்பை வேண்டாமென்று சொல்லித் தொடங்கியவரின் வழிவந்த சபை, முந்நூறு ஆண்டுகளில் அடைப்பை ஏற்றுக்கொண்டிருந்தது! அன்னை தெரேசாவைப் பற்றித் தமிழில் வந்துள்ள நூல்கள் பலவற்றில் அவர் ‘பள்ளியை விட்டு’ வெளியேறியதே பெருமையாகச் சொல்லப்படுகிறது. பள்ளி என்பது ஏதோ பாதுகாப்பான, பெரிதாக எதையும் பலியாகக் கேட்காத இடம் என்ற எண்ணம் அங்கே ஒளிந்திருக்கிறது. அந்தப் பள்ளி மரபுக்காக ஒருத்தி சிறையில் கிடந்தாள் என்பது தெரிந்திருந்தால் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்கள்.

நம் நினைவு மலர்களை எழுதுகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாற்றுக் கடிதங்கள் கிடைக்கப்போவதில்லை. ஆனால் வருகைப் பதிவேடுகள் உண்டு. பழைய மாணவியர் உண்டு. சபைத் தலைவிக்கு எழுதிய கடிதங்களின் படிகள் சில இல்லங்களில் உண்டு. எந்தச் சேரியிலிருந்து முதற்சிறுமி வந்தாள், யார் அவளைச் சேர்க்கக்கூடாது என்றார்கள், பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்டவள் திரும்ப வந்தாளா, அவளை அழைத்துவர அந்தச் சகோதரி யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார், அதற்காகப் பங்கில் யார் முகம் சுளித்தார் என்று எழுதினால் யாருக்கும் அவமானமில்லை. மலர்க்குழுவினர் சிலரிடம் இதை ஒருமுறை சொன்னேன். “அதெல்லாம் எதற்கு ஐயா, நல்லதையே எழுதுவோம்” என்றார்கள். நல்லது எது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

மேரி வார்டு 1639-இல் இங்கிலாந்து திரும்பினார். உள்நாட்டுப்போர் மூண்டு, 1644-இல் யார்க் நகர் முற்றுகைக்குள்ளாயிற்று. நகருக்கு அருகிலுள்ள ஹெவொர்த்தில், 1645 சனவரி 30-ஆம் நாள் இறந்தார். தம்மைச் சுற்றி நின்ற தோழியரின் வாடிய முகங்களைக் கண்டு கடிந்து, இறைவனைப் பாடிப் புகழச் சொல்லித் தாமும் உடன் பாடினார் என்று தோழியர் எழுதியிருக்கின்றனர். கத்தோலிக்கரை அடக்கம் செய்ய இடம் கிடைப்பது அரிது. ஆஸ்பால்ட்விக் என்ற சிற்றூரின் ஆங்கிலிக்கன் கோயில் முற்றத்தில் இடம் கிடைத்தது. அவ்வூர்க் குருவானவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் அளவுக்கு நல்லவராயிருந்தார் என்ற பொருள்பட அத்தோழியர் குறும்போடு எழுதியுள்ளனர். தலைவியைப் புதைத்துவிட்டு வந்த துயரத்திலும் அந்தக் குறும்பை அவர்கள் நீக்கிவிடவில்லை. கல்லறைக் கல்லில் துறவி என்றோ, சபைத்தலைவி என்றோ, பள்ளி என்றோ ஒரு சொல் பொறிக்க அன்று இயலாது. ஏழைகளை நேசிப்பதும், அதில் நிலைத்திருப்பதும், அவர்களோடு வாழ்ந்து இறந்து உயிர்ப்பதுமே அவருடைய குறிக்கோள் என்ற கருத்தையும், அவர் பெயரையும், அறுபது ஆண்டும் எட்டு நாளும் வாழ்ந்தார் என்ற கணக்கையும் பொறித்து வைத்தனர்.